ஒரு லைனும் ஐந்து பொத்தான்களும்

“அப்பா, போனுக்குள்ள ஒரு பாப்பா கத்திக்கிட்டே இருக்கே, அதை ஏன் யாருமே தூக்கி வெச்சுக்க மாட்டேங்கறாங்க?”

கேட்டவள் பொத்தான் கடைக்காரரின் மகள். முன்பல் இன்னும் விழாத வயது. அப்பாவின் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு இதைக் கேட்டாள்.

“அது பாப்பா இல்லம்மா. அலுவலகம்” என்றார் அவர்.

“அலுவலகம் எதுக்கு அழணும்?”

அவர் ரிசீவரை வாங்கி வைத்தார். அலுவலகத்தைக் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

அதன் முழுப் பெயர் படுக்கை ஒதுக்கீட்டுத் தலைமை அலுவலகம். பெரிய ஆஸ்பத்திரியில் யார் படுக்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் நோய் தீர்மானித்தது. பிறகு டாக்டர்கள் தீர்மானித்தார்கள். இரண்டு முறைகளிலும் ஒழுங்கு இல்லை என்று கண்டுபிடித்து இந்த அலுவலகத்தைத் திறந்தார்கள். படுக்கை வேண்டுமென்றால் இங்கேதான் கேட்க வேண்டும். போனில் மட்டுமே கேட்க வேண்டும். நேரில் வந்தால் ஜனங்கள் அழுகிறார்கள், தபாலில் எழுதினால் நீளமாக எழுதுகிறார்கள் என்பது இயக்குநரின் அனுபவம்.

போன் லைன் ஒன்றுதான். இரண்டாவது லைன் வாங்க வசதி இருந்தது, இயக்குநருக்கு மனம் இல்லை. அவருடைய திறப்புவிழாப் பேச்சின் சாரத்தை வாசல் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்: “இறைவன் ஒருவன். அலுவலகம் ஒன்று. லைன் ஒன்று.” இறைவனை இந்த வரிசையில் சேர்ப்பதற்கு முன் யாரும் அவருக்குப் போன் செய்து கேட்கவில்லை. செய்திருந்தால் அவர் எடுத்திருப்பார்.

அந்த ஒரே லைனில் மூன்று இயந்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. டாக்டர்களின் சீட்டுகளை வாங்க ஒரு ஃபேக்ஸ். காலியான படுக்கைகளைப் பற்றி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோடு பேச ஒரு மோடம். மனிதர்கள் பேசினால் பதிந்து வைத்துக்கொள்ள ஒரு பதில் கருவி. மூன்றுக்கும் மூன்று அதிகாரிகள். யாருடைய இயந்திரம் முதலில் எடுப்பது என்று மூவரும் அடித்துக்கொண்டதால், தீர்ப்புச் சொல்ல ஒரு பெட்டி வாங்கினார்கள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மணி அடித்ததும் அது தானே லைனை எடுத்துக் கொஞ்ச நேரம் கேட்கும். விசில் மாதிரிச் சத்தம் வந்தால் ஃபேக்ஸுக்குக் கொடுக்கும். பேச்சுக் குரல் வந்தால் பதில் கருவிக்கு. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மோடத்துக்கு.

அலுவலகத்தில் அதைப் பெட்டி என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள். “பெரியவர் எடுத்துட்டார்”, “பெரியவர் யோசிக்கிறார், சத்தம் போடாதீங்க.” கூடத்தில் இருந்த ஒரே மின்விசிறி பெரியவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பொத்தான் கடைக்காரரின் மனைவிக்கு மூச்சுக் கோளாறு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று ஊதும். சில வாரங்களாக அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். தூக்கம் என்று அதைச் சொன்னது கணவர்தான், அவளல்ல. தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்தார்.

“பெரிய ஆஸ்பத்திரில ஒரு படுக்கை கிடைச்சுட்டா, நடந்து வீட்டுக்கு வந்துடுவாங்க.”

“கிடைக்கலைன்னா டாக்டர்?”

டாக்டர் தன் பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். மூடி பேனாவின் பின்பக்கத்திலேயே இருந்தது. அதைத் தேடி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

பொத்தான் கடைக்காரர் மரியாதைக்காரர். கடைக்கு யாராவது வந்தால் அவர்களாக வாய் திறக்கும்வரை காத்திருப்பார். போனிலும் அப்படித்தான், எதிர்ப்பக்கம் இருப்பவர் முதலில் பேசட்டும் என்று விட்டுவிடுவார். முதல் தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு அவர் அப்படித்தான் அடக்கமாகக் காத்திருந்தார். ஒன்றும் கேட்காத பெரியவர், இது ஒரு மோடம் என்று முடிவு செய்தார். மகள் கேட்ட கதறல் அப்போது வந்ததுதான். மறுபடி போட்டார், மறுபடி காத்திருந்தார், மறுபடியும் கதறல். நல்ல பழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிட அவரால் முடியவில்லை.

மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, லைன் கிடைத்த உடனேயே, “ஐயா வணக்கம் ஐயா” என்றார். இந்தத் தடவை மனிதக் குரல் ஒன்று பேசியது. பதில் கருவி அதிகாரி தன் குரலிலேயே பதிந்து வைத்தது அது.

“வணக்கம். நீங்கள் மனிதர் என்று கண்டறியப்பட்டிருக்கிறீர்கள். பாராட்டுகள். உங்கள் குறையை ஒரு குறையும் இல்லாமல் கேட்பதே எங்கள் நோக்கம். இந்த அலுவலகம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்ன பிறகு…”

சுருக்கம் நீண்டது. அதிகாரியின் அப்பா பெயர், திறப்புவிழாவுக்கு வந்தவர்கள், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்த விவரம் எல்லாம் வந்தன. பதிவு நாடாவின் பெரும்பகுதி வரவேற்புரைக்கே போயிருந்தது. கடைசியில் பீப் என்றது.

“ஐயா, என் சம்சாரத்துக்கு—” என்றார் பொத்தான் கடைக்காரர். நாடா முடிந்துவிட்டது.

“குடுங்க இங்க” என்றாள் சுவரில் சாய்ந்திருந்த மனைவி. “நானே கேக்கறேன். ஒரு பொம்பளை மூச்சுக்குத் தவிக்கறதைக் காதால கேட்டா இரங்க மாட்டாங்களா.”

அவள் ரிசீவரை வாயருகே வைத்து, பேசுவதற்காக மூச்சை இழுத்தாள். நெஞ்சு விசிலடித்தது. பெரியவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஃபேக்ஸ்.

கதறலைச் சற்று நேரம் கேட்டுவிட்டு அவள் ரிசீவரைக் கணவரிடம் நீட்டினாள்.

“என்னை மாதிரியேதான் இழுக்குது, பாவம். அதுக்கும் ஒரு படுக்கை வேணும் போல. முதல்ல அதைச் சேத்துட்டு வாங்க.”

சிரித்ததால் அவளுக்கு இருமல் வந்தது. இருமல் அடங்கச் சாயங்காலம் ஆயிற்று.

அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் அந்த மூச்சை வாங்கிக்கொண்டு ஒரு வெற்றுத் தாளைத் தள்ளியது. மேல் ஓரத்தில் தேதியும் கூப்பிட்ட எண்ணும் மட்டும் இருந்தன. வந்த தாளுக்கு நடவடிக்கை எடுக்காமல் இருப்பது குற்றம். எடுத்தார்கள். சில நாட்களில் பதில் வீட்டுக்கு வந்தது.

“தங்கள் ஃபேக்ஸ் பெறப்பட்டது. தாங்கள் கோரியது: ஒன்றுமில்லை. வழங்கப்பட்டது: ஒன்றுமில்லை. தங்கள் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டதில் மகிழ்ச்சி. தங்கள் எண்ணிலிருந்து பெரும்பாலும் மோடமும் ஃபேக்ஸுமே பேசுவதாகப் பெரியவர் கண்டிருப்பதால், அந்த எண் கருவி எனப் பதிவு செய்யப்படுகிறது. கருவிகளுக்குப் படுக்கை ஒதுக்க விதியில் இடமில்லை.”

பொத்தான் கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு நேரிலேயே கிளம்பினார். படியிறங்கும்போது மனைவி சொன்னாள்:

“கேட்டா, நான் மனுஷன்தான்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. உங்க சுபாவத்துக்கு, ஆமா கருவிதான்னு தலையாட்டிட்டு வந்துடுவீங்க.”

அலுவலக வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

“நேர்ல பேச முடியாதுங்க. போன்லதான்.”

“நேர்லதான் வந்திருக்கேனே.”

“அதனால என்ன. வந்தவங்க வசதிக்காக அதோ போன் வெச்சிருக்கு.”

வாசலை ஒட்டி ஒரு கூண்டும் அதற்குள் ஒரு போனும் இருந்தன. கூண்டுக்கு எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் அலுவலகக் கூடம். கையை நீட்டித் தட்டினால் உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் தூரம். மேலே காற்றுக்காகத் திறந்திருந்த சின்ன ஜன்னல் வழியாக அவர்கள் பேசுவதும் கேட்டது.

எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு ஐந்து பொத்தான்கள். தொழில் புத்தி, மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் அவர் பொத்தான்களைத்தான் பார்த்தார். கூடத்தின் ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, ஃபேக்ஸ் சுருளில் வந்த தாள்களைக் கத்தரியால் வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கோட்டில் மட்டும் ஒரே ஒரு பொத்தான். மற்ற நான்கு இடங்களிலும் நூல் பிசிறுகள் துருத்திக்கொண்டிருந்தன. ‘கத்தரி அக்கா’ என்று அவளை யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் எண்ணைச் சுழற்றினார். உள்ளே மணி அடித்தது. மூன்று அதிகாரிகளும் ஒருசேர எழுந்து பெரியவரைச் சுற்றி நின்றார்கள்.

“இது எனக்குத்தான். மணியிலயே தெரியுது, ஃபேக்ஸ் மணி” என்றார் ஃபேக்ஸ் அதிகாரி.

“மணில என்னய்யா வித்தியாசம். எனக்கு இன்னைக்கு எதுவுமே வரலை. பெரியவர் எனக்குத்தான் தருவார்” என்றார் மோடம் அதிகாரி.

“மனுஷங்களா இருந்தா?” என்றார் பதில் கருவி அதிகாரி.

“மனுஷங்க இந்த நேரத்துக்கு ஏன் பண்றாங்க?” என்றார் ஃபேக்ஸ் அதிகாரி.

பொத்தான் கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினார். மூவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் அவர் பேச மறந்திருந்தார். காதில் கதறல் கேட்டது.

“பாத்தீங்களா, மோடம்” என்றார் மோடம் அதிகாரி திருப்தியாக.

பொத்தான் கடைக்காரருக்கு அழுகை வந்தது. ஜன்னலைத் தட்டிவிட்டார்.

ஃபேக்ஸ் அதிகாரி வந்து கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினார். “என்னய்யா?”

“நான்தான் சார் அது. போன்ல. மோடம் இல்ல, நான்.”

“பெரியவர் மோடம்னு சொல்லிட்டாரே.”

“நான் மனுஷன் சார்.”

“அதை நீங்களே சொன்னா எப்படி? எல்லாரும்தான் சொல்லிக்கறாங்க.”

சத்தம் கேட்டு இயக்குநர் அறையிலிருந்து வந்தார். அவர் கோட்டின் பொத்தான்கள் பளபளப்பாக இருந்தன. சொந்தச் செலவில் மாற்றியிருந்தார் போலிருக்கிறது. விஷயத்தைக் கேட்டு, கோபப்படவில்லை. அன்பாகவே பேசினார்.

“பாருங்க தம்பி. உங்களைக் கண்ணால பாக்கறேன், காதால கேக்கறேன். பரிதாபமாவும் இருக்கு. ஆனா என் பரிதாபத்தை நம்பி ஒரு அலுவலகத்தை நடத்த முடியாது. இன்னைக்கு உங்களைப் பாத்து மனுஷன்னு சொல்லிட்டா, நாளைக்கு வர்ற எல்லாரையும் மனுஷன்னு சொல்ல வேண்டி வரும். அப்புறம் எவ்வளவு படுக்கை வேணும், யோசிச்சுப் பாருங்க.”

“என் சம்சாரத்துக்கு மூச்சு—”

“அதையேதான் நானும் சொல்றேன். மூச்சு வாங்கினா ஃபேக்ஸ்னு போயிடும். அடக்கிக்கிட்டுப் பேசச் சொல்லுங்க. ஒழுங்குங்கறது ரெண்டு பக்கமும் இருக்கணும். எங்க ஒழுங்கைப் பாருங்க.” கத்தரி அக்காவைக் கைகாட்டினார். “எங்க ஆளுங்களுக்கு நான் கோப்பே வெக்கறதில்லை. எதுக்குக் காகிதத்தை வீணாக்கணும்? தப்பு பண்ணினா ஒரு பொத்தானை வெட்டிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை, விழா முடிஞ்ச மறுநாள், குழு வந்து கோட்டைப் பாக்கும். அஞ்சு இருந்தா யோக்கியர். ஒண்ணும் இல்லைன்னா வீட்டுக்குப் போகலாம். யார் என்ன பண்ணாங்கன்னு யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். மனுஷங்க ஞாபகத்தை நம்பக் கூடாது பாருங்க.”

“இந்த அக்கா என்ன தப்பு பண்ணாங்க?”

“அதான் சொன்னேனே, ஞாபகம் வெச்சுக்கறதில்லை.”

கத்தரி அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: “மணி அடிக்குதே, யாராவது எடுத்தா என்னன்னு கூட்டத்துல கேட்டேன். அது ஒண்ணு. பெரியவரை ஈரத்துணியால துடைச்சேன். அப்புறம் இந்தக் கூண்டுல மயங்கி விழுந்தவருக்குத் தண்ணி குடுத்தேன். நாலாவது, சிரிச்சுட்டேன்.”

“எதுக்குச் சிரிச்சீங்க?”

“கூட்டம் நடந்துச்சு.”

இயக்குநர் அதைக் காதில் வாங்காதவராகக் கடிகாரத்தைப் பார்த்தார். அழைப்பவர்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்ற ஆலோசனைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அது தினமும் மத்தியானம் முழுக்க நடக்கும். கோட்டில் இரண்டு பொத்தான்களுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. மற்ற எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பொத்தான் கடைக்காரர் கூண்டிலேயே நின்றார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் மனைவியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன, மகள் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா மை தின்னுட்டாங்களா?” என்று கேட்டிருந்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றாததால் கை தானாக எண்ணைச் சுழற்றியது. பிரார்த்தனை செய்பவர்களும் பல சமயம் இப்படித்தான், யாராவது கேட்கிறார்களா என்று தெரியாமலே செய்கிறார்கள்.

உள்ளே மணி அடித்தது. பெரியவர் எடுப்பதற்குள் கத்தரி அக்கா இரண்டு எட்டில் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ரிசீவரைக் கையில் எடுத்தாள்.

“சொல்லுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான் எதிர்லதான் நிக்கறேன்.”

“தெரியுது. போன்ல சொன்னாதான் செல்லும். சொல்லுங்க.”

அவர் சொன்னார். தெருக்கோடி டாக்டர் சொன்னது, உட்கார்ந்தபடியே கழிகிற இரவுகள், நீலம் பாரித்த உதடு, மகள் கேட்டது. அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, ஃபேக்ஸ் சுருளில் வெட்டி எஞ்சிய துண்டில் எழுதினாள். நடுவே ஒருமுறை மட்டும், “ராத்திரில கால் வீங்குதா?” என்று கேட்டாள். வீங்குகிறது என்றார். அதையும் எழுதினாள். எழுதிய தாளைத் தட்டில் மற்ற தாள்களுக்கு மேலே வைத்தாள்.

“தட்டுல இருந்தா அது ஃபேக்ஸ். எங்கேருந்து வந்துதுன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

“உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது அக்கா.”

“ஒண்ணுதானே மிச்சம் இருக்கு. காத்துல ஆடிக்கிட்டுதான் இருக்கு” என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து ஃபேக்ஸ் அதிகாரி வந்தார். தட்டிலிருந்த தாளைப் படித்தார். முகம் மலர்ந்தது.

“எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க. கால் வீக்கம்கூட இருக்கு. பெரியவர் கிட்ட விட்டா இப்படித்தான்.”

கையெழுத்துப் போட்டார். மோடம் அதிகாரி ஆஸ்பத்திரியோடு பேசிக் காலிப் படுக்கை ஒன்றைப் பிடித்தார். ஒதுக்கீட்டுச் சீட்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பொத்தான் கடைக்காரரின் கைக்கு வந்தது. அவர் கும்பிட்டார். அப்போதுதான் மோடம் அதிகாரி பெரியவரைப் பார்த்தார். ரிசீவரைக் கையால் எடுத்தால் பெரியவரின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். யாராவது அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். எரிந்துகொண்டிருந்தது.

“யாரோ போனை எடுத்திருக்காங்க” என்றார் அவர், யாரோ செத்துவிட்டது போன்ற குரலில்.

இயக்குநர் வந்தார். கூடம் எழுந்து நின்றது.

“யாரு?”

“நான்தான்” என்றாள் கத்தரி அக்கா.

“பேசினீங்களா?”

“சொல்லுங்கன்னு சொன்னேன்.”

“ஒரு மனுஷன்கிட்டயா?”

“பேச்சு அப்படித்தான் இருந்துச்சு.”

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். “கத்தரி எங்கே?”

அலுவலகத்தில் கத்தரி பிடிக்க அதிகாரம் உள்ளவர் ஒருவர்தான். “என்கிட்டதான் இருக்கு” என்றாள் அவள்.

“வெட்டுங்க.”

அவள் தன் கோட்டின் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பொத்தானைத் தானே வெட்டினாள். அது கீழே விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. பொத்தான் கடைக்காரர் ஏதோ சொல்லக் கண்ணாடியில் கையை வைத்தார். அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள்: வேண்டாம், போங்க. அவர் கையில் சீட்டு இருந்தது. வீட்டில் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனைவியை முதல் முறையாகப் படுக்க வைத்தபோது, அவள் கூரையைப் பார்த்து, “இவ்வளவு நாளா மேல இப்படி ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன்” என்றாள். பிறகு தூங்கினாள். விசில் நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் டாக்டர் சொன்னபடியே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

வந்த அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழா. படுக்கை பெற்ற பயனாளி என்ற முறையில் பொத்தான் கடைக்காரர் மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும்.

“போகணுமா?” என்றார்.

“போங்க. அந்த மேடைக்காக இல்ல” என்றாள் மனைவி. “அந்த அக்காவை நினைச்சுப் போங்க. வெறுங்கையா போகாதீங்க.”

அவர் கடையைத் திறந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, டப்பா டப்பாவாகக் கொட்டிப் பார்த்தார். சாம்பல் நிறம், நாலு துளை, விளிம்பு கொஞ்சம் தடிப்பு. கடைசியில் எப்போதோ வாங்கி விற்காமல் கிடந்த டப்பாவில் அகப்பட்டது. ஐந்தைப் பொறுக்கி ஊசி நூலோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விழா மாடி மண்டபத்தில். எல்லோரும் மேலே போயிருந்தார்கள். காவலாளிகூடப் படிக்கட்டில் நின்று மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “உங்களைத்தான் தேடறாங்க, மேல போங்க” என்றான்.

“கத்தரி அக்கா எங்கே?”

“விசாரணைல இருக்கறவங்க விழாவுக்கு வரக் கூடாது. பின்கட்டுல காகிதச் சுருள் இறக்கிட்டிருக்காங்க. கோட்டு மட்டும் கூடத்துல தொங்குது. நாளைக்குக் குழு பாக்கும்.” குரலைத் தாழ்த்தினான். “ரெண்டு பசங்க, வேற வருமானம் இல்ல. என்ன பண்றது.”

காவலாளி மறுபடி படிக்கட்டுக்குத் திரும்பினான். பொத்தான் கடைக்காரர் மாடிக்குப் போகவில்லை. கூடத்துக்குள் நுழைந்தார். யாரும் இல்லை. மின்விசிறி பெரியவருக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆணியில் கோட்டு தொங்கியது. அதற்கு நேர் மேலே இயக்குநர் கையெழுத்திட்ட விதி ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்: “ஞாபகம் ஆதாரமாகாது. கோட்டே சாட்சி.”

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு, தாள் வெட்டும் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, அதை மடியில் கிடத்தினார். தூங்குகிற குழந்தையின் சட்டையைச் சரிசெய்வது போல நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஊசியில் நூல் கோத்தார்.

மேலே ஒலிபெருக்கியில் இயக்குநர் பேச ஆரம்பித்திருந்தார்.

“இந்த வருஷம் நமக்கு ஒரு புகார்கூட வரவில்லை. புகார் சொல்ல வந்த ஒவ்வொருவரையும் பெரியவர் உரிய இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்.”

கைதட்டல். முதல் பொத்தான். நான்கு துளைகளிலும் குறுக்காக இரண்டு இழை, அடியில் ஒரு சுற்று.

“மக்கள் நம்மைத் தொடர்புகொள்வது குறைந்திருக்கிறது. அவர்களுடைய தேவைகள் குறைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?”

இரண்டாவது.

“சிலர் கேட்கிறார்கள், மணி அடித்தால் ஒருவர் எடுத்துப் பேசினால் போதாதா என்று. நண்பர்களே, போதும். போதும் என்பதுதான் பிரச்சினை. அது போதுமென்றால் நாம் எதற்கு?”

இதற்கு எழுந்த கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. மூன்றாவது பொத்தானும் நாலாவதும் அந்தக் கைதட்டலுக்குள்ளேயே முடிந்தன.

“இப்போது நம் பயனாளி நான்கு வார்த்தை பேசுவார்” என்றது ஒலிபெருக்கி. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பொத்தான் கடைக்காரர் ஊசியை நிறுத்தவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மண்டபம் அமைதியாகக் காத்திருந்தது. பிறகு இயக்குநரின் குரல் உற்சாகமாக வந்தது.

“ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? பெரியவர் அன்றே சொன்னார், அது மோடம் என்று. பெரியவர் தவறியதே இல்லை.”

மண்டபம் இடிந்து விழுவது போல் கைதட்டியது.

ஐந்தாவது பொத்தானுக்கு அவர் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டார். அந்த இடத்துப் பொத்தான் வெட்டுப்படுவதை நேரில் பார்த்திருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார், எதுவும் அசையவில்லை. கோட்டை முன்பு இருந்தது போலவே, முன்பக்கம் சுவரைப் பார்க்க ஆணியில் மாட்டினார். தரையில் விழுந்திருந்த நூல் துணுக்குகளைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வந்த வழியே வெளியே போனார்.